உட்கார்ந்து எடுத்த அளவு

கோடைக்கானலில் மின்விசிறி வைத்திருக்கும் கடைகள் மிகக் குறைவு. என் தையல் கடைக்கு நான் ஒரு மேசை விசிறி வாங்கியது மார்கழி மாதத்தில். வெளியே பஜாரில் எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் போய்க்கொண்டிருக்க, நான் மெஷினுக்குப் பக்கத்தில் விசிறியை ஓடவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தேன். மார்பில் கிளம்பும் சூடு காது மடல் வரை ஏறி, இரண்டு நிமிடம் நின்று, ஜாக்கெட் முதுகை நனைத்துவிட்டு இறங்கும். அதற்குப் பிறகு குளிரும். விசிறியை நிறுத்திவிட்டுச் சால்வையைப் போர்த்துவேன். ஒரு நாளில் ஏழெட்டு தடவை இப்படி. எனக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

சூட்டைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். தைக்க வரும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் இருந்தது வயிறு.

இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்து, அவள் பிள்ளை பெற்றபோது பிரித்துவிட்டு, பிறகு மறுபடி பிடித்துக் கொடுத்து, அவளுடைய மகளுக்கும் தைக்கும் வரை வந்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய பெண்களின் அளவில் ஒரு மாற்றம் வருவதை என் டேப்பு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. இடுப்பெலும்பு அளவு அப்படியே இருக்கும். தொடை சற்று இளைத்துக்கூட இருக்கும். ஆனால் தொப்புளுக்கு மேலே, ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டி வந்து உட்காரும் இடத்தில், இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் கூடியிருக்கும். முதுகிலும் பட்டிக்கு மேலே ஒரு மடிப்பு விழும். ஒருவருக்கு இல்லை, நூறு பேருக்குப் பார்த்திருக்கிறேன். நூறு பேருக்கும் நான் வைத்திருந்த காரணம் ஒன்றுதான்: பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வேலை குறைந்துவிட்டது, சாப்பாடும் தூக்கமும் கூடிவிட்டது. அப்படி நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் பதினைந்து வருடமாக என்னிடம்தான் தைத்துவந்தார். வெளிர் நிறப் பருத்திச் சேலை, அதற்கேற்ற ஜாக்கெட், முழங்கை வரை கை. நறுக்கென்று பேசுவார், அதிகம் பேசமாட்டார். அந்த மார்கழிக்கு இரண்டு வருடம் முன்பு, கடையில் நாலைந்து பெண்கள் இருந்த ஒரு சாயங்காலம், அவருக்கு அளவெடுத்தேன். இடுப்பு மூன்று அங்குலம் கூடியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "டீச்சர், பீரியட் இல்லாத நேரம்லாம் டிபன் பாக்ஸோட உக்காந்துட்டீங்க போல. இப்படியே போனா துணி பத்தாதுங்க" என்றேன். மற்றவர்களும் சிரித்தார்கள். டீச்சர் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டார். "இப்ப எடுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த அளவுக்கே தைத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. வேறு கடை பிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் பேச்சுதான் காரணம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அதே கூடுதல் எனக்கு வந்தபோது, முதலில் துணியைக் குறை சொன்னேன். நனைத்துத் தைக்காமல் விட்டதால் சுருங்கிவிட்டது என்று. ஒரு தையலைப் பிரித்துவிட்டேன். நாலு மாதத்தில் இரண்டாவது தையலையும் பிரித்தேன். கீழ்க்கொக்கி போடாமல் விட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தேன். எதைச் சாப்பிட்டு இப்படி ஆனேன் என்று யோசித்துப் பார்த்தால், சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடியிருக்கவில்லை. காலையில் இட்லி மூன்று, மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, ராத்திரி தோசை இரண்டு. முப்பது வயதில் சாப்பிட்ட அதே சாப்பாடு.

சரி, அப்படியென்றால் அதையும் குறைப்போம் என்று இறங்கினேன். செல்போனில் வந்த வீடியோ ஒவ்வொன்றையும் நம்பினேன். வெறும் வயிற்றில் தேனும் எலுமிச்சையும். பிறகு கொள்ளுக் கஞ்சி. பிறகு சீரகத் தண்ணீர். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன், பிறகு காலைச் சாப்பாட்டையும். இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. குறைந்ததெல்லாம் கன்னத்திலும் கையிலும்தான். தோள் எலும்பு துருத்திக்கொண்டது, வளையல் முழங்கை வரை ஏறியது, வயிறு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் மின்சார லைன்மேன். மரம் விழுந்து கம்பி அறுந்தால் எந்த நேரமும் ஓடவேண்டிய வேலை, வீட்டில் இருப்பதே கொஞ்ச நேரம். அவர்கூட ஒரு நாள், "மூஞ்சி வத்திப் போய்க் கெடக்கே, என்னா செய்யிது ஒனக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

என் கடைக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். பகல் நேரத்தில் கடையை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காக, மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையோடு சேர்ந்த ஜாக்கெட் துணியை என்னிடம் கொடுத்திருந்தார். ஒரு முற்பகலில் அதை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலை வைத்தேன். கை வளைவில் திரும்பும்போது கண் முன்னால் கறுப்பாகப் புள்ளிகள் வந்தன. கத்தரிக்கோல் கோட்டைவிட்டு உள்ளே ஒரு விரற்கடை போய்விட்டது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ துணியில் தப்புச் செய்திருக்கிறேன். ஆனால் கை நடுங்கி வெட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் பட்டு. அதே நிறத்தில் வேறு துண்டு கிடைக்காது.

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார். நான் துணியைக் காட்டி, வெட்டிவிட்டேன் அக்கா என்றேன். அவர் துணியைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"கை ஏன் புள்ள இந்த நடுக்கம் நடுங்குது? எப்ப சாப்புட்ட?"

"நேத்து மத்தியானம்."

அவர் தன் கடைக்குப் போய்ப் பன்னும் டீயும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே நின்றார். பிறகு இரண்டு கடைக்கும் ஷட்டரை இறக்கிவிட்டு, "கெளம்பு" என்றார். வாரத்தில் இரண்டு நாள் மலைக்குக் கீழேயிருந்து வந்து பார்க்கும் பெண் டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பட்டுத் துணியில் பிறகு அக்குளுக்கு அடியில் ஒட்டு வைத்து, கை தூக்கினாலும் தெரியாதபடி தைத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

டாக்டருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். ரத்தம் எடுக்கச் சொன்னார், பிரஷர் பார்த்தார், என் சாப்பாட்டுக் கதையைக் கேட்டார். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டோடு போனபோது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை என்றார். நான் அழுதுவிட்டேன். பட்டினி கிடந்தும் வயிறு குறையவில்லை, சர்க்கரை வேறு வருகிறது, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டேன்.

"தப்பு ஒண்ணும் பண்ணலைம்மா. கொழுப்பு எடம் மாறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் ஒரு துணிக்கு அளவு கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டேன். கருமுட்டைப் பைகள் வேலை செய்யும் காலத்தில், அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், சேரும் கொழுப்பை இடுப்பெலும்புப் பக்கமும் தொடைக்கும் அனுப்பிவைக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் அந்தச் சுரப்பு குறைந்துபோகிறது. அப்போது கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது, தோலுக்கு அடியில் மட்டுமல்லாமல் குடலைச் சுற்றி உள்ளேயும். அதே வயதில் சதையும், அதாவது தசையும், வருடா வருடம் கொஞ்சம் கரைகிறது. தசைதான் சாப்பாட்டைச் செலவழிக்கிறது. அது குறைந்தால், முப்பதில் சாப்பிட்ட அதே சாப்பாடு ஐம்பதில் மிச்சமாகிவிடுகிறது. பட்டினி கிடந்தால் முதலில் கரைவதில் அந்தத் தசையும் சேர்ந்துகொள்கிறது. எலும்புக்கும் கெடுதல். என் கன்னமும் கையும் வற்றி, வயிறு நின்றதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கருமுட்டைப் பை ஓய்ந்த பிறகு உடம்பில் மிஞ்சும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிப்பதில் அந்தக் கொழுப்புக்கே ஒரு பங்கு இருக்கிறதாம். ஆகவே அதை முழுக்க எதிரியாகப் பார்க்கவேண்டாம், ஆனால் வயிற்றுக்குள்ளே சேருவது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லதல்ல, அதைக் குறைக்கத்தான் வேண்டும் என்றார். ஹார்மோன் மாத்திரை இருக்கிறதாமே என்று கேட்டேன். சூடு தாங்க முடியாதவர்களுக்கு, பரிசோதனை எல்லாம் பார்த்து, ஒத்துவந்தால் கொடுப்பது உண்டு, வயிற்றைக் குறைக்கிற மருந்தாக அதைக் கொடுப்பதில்லை என்றார். எனக்கு அப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று முடிவுசெய்தோம். மூன்று வேளையும் சாப்பிடவேண்டும், ஒவ்வொரு வேளையிலும் பயறோ முட்டையோ மீனோ இருக்கவேண்டும், சோறு கொஞ்சம் குறையலாம். தினமும் நடக்கவேண்டும், வாரத்துக்கு மூன்று நாளாவது எடை தூக்கவேண்டும்.

"எடையா? நானா?"

"நீங்கதான். ரெண்டு கிலோவுல ஆரம்பிங்க" என்றார். படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார். கடைசியாக, என் இடுப்பளவு என்ன என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது. என் அளவை நான் நாலு வருடமாக எடுத்திருக்கவில்லை. டாக்டர் கொஞ்சம் சிரித்தார். அடுத்த தடவை வரும்போது அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கடைக்குத் திரும்பும் வழியில்தான் டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு "இப்ப எடுங்க" என்று சொன்ன முகம். அவரும் அப்போது என் வயதில்தான் இருந்திருப்பார். அன்றைக்கு அவருக்கும் இதே சூடு, இதே கொக்கி, இதே கேள்வி. நான் என்ன சொன்னேன் என்று நடுவழியில் நின்று நினைத்துப் பார்த்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. அது ஹார்மோன் சூடு அல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கு மேலே, ஏற்றத்தில் வீடு. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, துணி எதுவும் கொடுத்ததாக ஞாபகம் இல்லையே என்றார். உள்ளே வரலாமா என்று கேட்டேன். வழி விட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"டீச்சர், எனக்கு இடுப்பு அளந்து சொல்லணும்."

"நானா? எதுக்கு?"

"டாக்டர் கேட்டாங்க. எனக்கே எடுத்துக்க மனசு வரல. அன்னிக்கு கடையில நான் உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேப்பை என்னைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையும் சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"நாப்பது" என்றார். பிறகு, "மூச்ச எக்குனீங்கன்னா முப்பத்தொம்பதரை."

நான் எக்கவில்லை. நாற்பதுதான் என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார், நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அவர் சமையல்கட்டுக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அந்த இரண்டு வருடமும் வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கை தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட் மேலே ஏறிவிடும் என்றும், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டவே கூச்சமாக இருந்தது என்றும், ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன் என்றும் சொன்னார். எத்தனையோ கடை மாற்றிப் பார்த்தாராம். எல்லோரும் அகலத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள், ஏறுவது நிற்கவில்லை. அந்தக் கடைகளில் தைத்த ஜாக்கெட் இரண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஜாக்கெட்டுகளை மேசையில் பிரித்துப் போட்டுப் பார்த்ததில் நாலு நாள் போனது. இருபது வயதுப் பெண்ணுக்கு வெட்டும் அதே வெட்டு, அகலம் மட்டும் கூட்டியிருந்தது. நானும் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரை வரவழைத்து மறுபடி அளவெடுத்தபோது, வழக்கம்போல அவர் நிமிர்ந்து நின்று மூச்சைப் பிடித்தார். பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். உட்காருங்கள் டீச்சர் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். டேப்பைச் சுற்றினேன். நின்றபோது இருந்ததைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். கையைத் தூக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். இத்தனை வருடமும் ஒரு பெண் நாள் முழுக்க எப்படி இருக்கிறாளோ அந்த அளவை விட்டுவிட்டு, அவள் மூச்சை அடக்கி நிற்கும் ஒரு நிமிடத்துக்கு நான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதுகின் நீளத்தை முக்கால் அங்குலம் கூட்டினேன். மார்புக்குக் கீழே பிடிக்கும் மடிப்பை, அதாவது முன்பக்க டாட்டை, குறுக்கி மேலே ஏற்றினேன். அக்குளுக்கு அடியில் சிறு முக்கோணத் துண்டு ஒன்று வைத்தேன். கீழ்ப்பட்டியை நேராக வெட்டாமல் துணியை மூலைவாட்டில் போட்டு வெட்டினேன், அப்போது அது உடம்போடு கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். மூன்று தடவை தைத்துப் பிரித்த பிறகு நாலாவது சரியாக வந்தது. டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு என் கடைச் சுவரில் கரும்பலகை இருப்பதுபோலப் பாவித்து, எட்டின உயரத்தில் ஒரு கணக்கை எழுதிக் காட்டினார். ஜாக்கெட் அசையவில்லை.

எடை தூக்கும் வேலையும் அதே கடையில்தான் தொடங்கியது. பழைய ஜீன்ஸ் கால்களை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, பிளாஸ்டிக் உறையில் கட்டின மணலை உள்ளே போட்டு, மறுமுனையையும் தைத்து, பைக்கு வைக்கும் நாடாவில் கைப்பிடி வைத்தேன். காய்கறிக் கடைத் தராசில் எடை போட்டு, இரண்டு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று சாக்பீஸால் எழுதினேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பஜார் கொஞ்சம் ஓயும். ஷட்டரை இறக்கிவிட்டு, டாக்டர் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். ஸ்டூலில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து தடவை. முதல் நாள் ஆறாவதிலேயே தொடை நடுங்கியது.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடை அக்கா வந்து பார்த்தார். "என்னா சோலி பாக்குற உள்ள?" என்று கேட்டவர், மறுநாள் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் நின்றார். சனிக்கிழமைகளில் டீச்சர் வந்தார். டீச்சர் எண்ணுவார், நாங்கள் தூக்குவோம். அவர் எண்ணும்போது ஏமாற்ற முடியாது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் யார் நிறுத்தினாலும் மறுபடி ஏழிலிருந்து தொடங்குவார்.

சாப்பாட்டையும் மாற்றினேன். எங்கள் மலையில் விளையும் பட்டர் பீன்ஸையும் பட்டாணியையும் இவ்வளவு நாள் விருந்தாளி வந்தால் மட்டும் சமைத்தவள், தினமும் சமைத்தேன். காலையில் இரண்டு முட்டை. ராத்திரிப் பட்டினி கிடையாது. முதல் இரண்டு மாதம் டேப்பு அசையவே இல்லை. நாற்பதிலேயே நின்றது. அக்காவுக்கு ஒரு அங்குலம் குறைந்தது, எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் மணல் பையை மூலையில் வீசிவிட்டு, எனக்கு இது ஆகாது என்றேன். அக்கா அதை எடுத்து மறுபடி என் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடையதைத் தூக்கத் தொடங்கினார். நானும் தூக்கினேன். மூன்றாவது மாதம் முப்பத்தொன்பது. எட்டாவது மாதம் முப்பத்தேழரை. அதற்குமேல் இறங்கவில்லை, இன்றும் அதுதான் என் அளவு. ஆனால் எடை மெஷினில் நான் இழந்த நாலு கிலோவில் மூன்று திரும்ப வந்திருந்தது. டாக்டரிடம் பதறிக்கொண்டு சொன்னேன். அவர் என் கைச்சதையை அழுத்திப் பார்த்து, இது தசை, வரவேண்டியதுதான் வந்திருக்கிறது என்றார். சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. சூடும் ஏறக்குறைய அடங்கிவிட்டது. அது தானாக அடங்கியதா, இதனால் அடங்கியதா என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அதற்குள் உட்கார்ந்து அளவெடுக்கும் விஷயம் ஊரில் பரவிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர்கள் தாண்டிக்குடியிலிருந்துகூடத் துணியோடு வந்தார்கள். கடையின் உள்பக்கம் திரை போட்டு ஸ்டூலைத் திரைக்குப் பின்னால் வைத்தேன். அளவை இனிமேல் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று முடிவுசெய்து, நோட்டில் மட்டும் எழுதினேன்.

போன ஐப்பசியில் கூக்கால் கிராமத்திலிருந்து ஒரு கல்யாண வேலை வந்தது. பெண்ணின் அம்மா பூண்டு விவசாயம் செய்பவர், ஐம்பத்துமூன்று வயது. தனக்கு அளவெடுக்க வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, அதற்கே தைக்கச் சொன்னார். அதன் கொக்கிகள் துருப்பிடித்திருந்தன. அதைப் போட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். "கல்யாணத்துக்குள்ள எளைச்சிருவேங்க" என்றார். நான் அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, என் நோட்டில் என் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நாற்பதும், முப்பத்தொன்பதும், முப்பத்தேழரையும். அவர் அதைப் படித்துவிட்டுக் கையைத் தூக்கினார். டேப்பைச் சுற்றினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், தைத்த பதினோரு ஜாக்கெட்டும், ஃபால்ஸ் வைத்த எட்டுப் பட்டுச் சேலையும் இரண்டு பையில் நிரப்பிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். கூக்காலுக்குப் பஸ் சில நேரம்தான். இரண்டு நாளாகக் காற்றும் மழையும். பூம்பாறை தாண்டி வெகு தூரம் போனதும் பஸ் நின்றுவிட்டது. பெரிய தைலமரம் ஒன்று மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு சாலையின் குறுக்கே கிடந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, ஆனால் மரம் அறுக்க ஆள் வர இருட்டிவிடும், நானே வேறு இடத்தில் கம்பத்தில் நிற்கிறேன் என்றார். ஊருக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர். மறுநாள் அதிகாலை முகூர்த்தம்.

கூக்கால்காரப் பெண்கள் மூன்று பேர் இறங்கி நடக்கத் தயாரானார்கள். நானும் இறங்கினேன். கண்டக்டர், "நீங்க உக்காருங்கம்மா, இந்த வயசுல எதுக்கு" என்றார். மேடு பள்ளமான சாலை, மூட்டை வேறு என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பையை ஒரு கையில் தூக்கிப் பார்த்தேன். ஐந்து கிலோ இருக்கும். மற்றதும் அவ்வளவுதான். அந்த எடை என் கைக்கு நன்றாகப் பழக்கம். மரத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனேன்.

முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கூட வந்தவர்கள் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்கள், பழகிய வேகத்தில் நடந்தார்கள். ஒருத்தி பையைக் கொடுங்கள் என்றாள். தேவைப்பட்டால் தருகிறேன் என்றேன். தேவைப்படவில்லை. இரண்டாவது ஏற்றத்தில் மூச்சு ஒரு சீருக்கு வந்துவிட்டது. தொடை பிடித்துக்கொள்ளவில்லை, கை கடுத்தது, மாற்றிக்கொண்டேன். தூறல் விழுந்தபோது பைகளின் மேல் என் ரெயின்கோட்டைப் போட்டுவிட்டு நான் நனைந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு பட்டினியில் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாத உடம்பு இது என்பது அப்போதுதான் மனதில் வந்தது. கூக்கால் ஏரி கண்ணுக்குத் தெரிந்ததும் எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்தவள், "என்னாங்க?" என்றாள். ஒன்றுமில்லை, வெரசா நட என்றேன். அவள்தான் பின்தங்கியிருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே கல்யாண வீட்டுக்குள் நுழைந்தோம். பெண்ணின் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பஸ் வராது என்று தகவல் வந்து, இருக்கிற பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வது என்று முடிவே செய்துவிட்டாராம். என் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தார்கள். எனக்கு முதலில் அவர் போட்டுப் பார்க்கவேண்டும். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் அரக்கு நிற ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கொக்கி வரை தானே போட்டார். கண்ணாடி முன்னால் நின்றவர் பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"விட்டுருங்க" என்றேன்.

விட்டார். ஜாக்கெட் அப்படியே நின்றது. கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கையைத் தூக்கினார், பிறகு இரண்டையும். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், குனிந்து தரையிலிருந்த செம்பை எடுத்தார். பட்டி ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் வயிற்றைக் கையால் தடவிக்கொண்டு, "இருக்கு. இருந்தாலும் உறுத்தல" என்றார்.

மறுநாள் மணவறையில் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி அட்சதை போட்டதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பந்தியில் என்னை வற்புறுத்தி உட்காரவைத்தார்கள். அவரைக் காட்டி, யார் தைத்தது என்று மூன்று பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பாயசத்தை நான் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன்.

மரத்தை அறுத்து வழி விட்டிருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பெண்ணின் சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பத்தொன்பது வயது என்றார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தவர், என் காதுக்கு அருகில் குனிந்து, "எனக்கும் இப்ப மாசம் தவறித் தவறி வருதுக்கா. இடுப்பு வேற ஊதிக்கிட்டே போகுது. சாப்பாட்ட நிறுத்திப் பாக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னார்.

"சாப்பாட்ட நிறுத்தாதீங்க" என்றேன், சாதாரணக் குரலில். மாதவிலக்கு நிற்பதையும், ஹார்மோன் குறைவதையும், கொழுப்பு இடம் மாறுவதையும், முட்டையையும் பயறையும் மணல் பையையும் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினேன். ஒரு கல்யாண பஸ் நிறையப் பெண்கள். முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பி, மணல் எத்தனை கிலோ என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், பஸ் இரைச்சலில் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, முதலிலிருந்து சொன்னேன்.